மே மரமும் உடைந்த பூட்டும்

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து, பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வேகவேகமாக வில்லாவுக்குத் திரும்பினேன். வெளிக்கதவு அகலத் திறந்து கிடந்தது. முற்றத்தில் நான்கு மரத்தாங்கிகள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் படுத்திருந்த மரத்தைக் காணோம்.

கீழே தரையில் நீலப் பெயின்ட் சொட்டுகள் இருந்தன. காலையில் நான் அடித்த பெயின்ட். ஓரிடத்தில் யாரோ மிதித்து, அந்த நீலக்கால் கதவு வரை நடந்து போயிருந்தது.

அல்லாவே, என் வேலை போச்சு! இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மரம் போனது இரண்டாவதாகத்தான் தோன்றியது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சாவிக்கொத்து வந்த கதை

துபாய் தேரா பகுதித் துணிக்கடையில் நான் மீட்டர் கோல் பிடித்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, “கடையை மூடிய பிறகு என்ன செய்தீர்கள் பாய்?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். என்ன செய்வது? ஒரு மாதம் ரூமில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசா முடிய நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

அந்தக் கடைக்கு வழக்கமாக வந்த ஜெர்மன் அம்மாள் ஒருவர் உண்டு. பெயர் ஹெல்கா. அறுபதை நெருங்கியவர். கணவரோடு துபாய் வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. நவம்பர் வந்தால் காகித விளக்குகளுக்கு வண்ணத்துணி வாங்குவார். பிப்ரவரியில் மாறுவேடத்துக்கு ஜிகினா வாங்குவார். இந்த அம்மாளுக்கு வயதுக்கேற்ற புத்தி இல்லையே என்று நானும் நினைத்ததுண்டு.

அவர் என்னைத் தேடி ரூமுக்கே வந்தார். ஒன்பது பேர் தங்கிய ரூம். கொடியில் கைலி காய்கிறது. அத்தனையையும் விலக்கிக்கொண்டு வந்து, “ஜமால், எங்கள் க்ளப்புக்கு ஒரு ஆள் வேண்டும். சாவி வைத்துக்கொள்ள, தோட்டம் பார்க்க, தேவைப்பட்டால் சமைக்க. வருவீர்களா?” என்றார். எங்கள் ரூமுக்குள் அப்படி வந்து நின்ற முதல் பெண்மணி அவர்தான். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் அவசரமாகச் சட்டையைத் தலைகீழாக மாட்டினான்.

இன்று வரை நான் தின்னும் சோற்றில் அந்த அம்மாள் பெயர் இருக்கிறது. என் மூத்த மகள் பட்டம் வாங்கியதிலும் இருக்கிறது. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

அழுகிய செடிகள்

ஜுமேரா பக்கம் வாடகைக்கு எடுத்த பழைய வில்லாதான் க்ளப். உள்ளே ஒரு பெரிய ஹால், சமையலறை, புத்தக அறை. வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஜெர்மன் வகுப்பு. நவம்பரில் காகித விளக்கைக் கையில் ஏந்திப் பிள்ளைகள் பாடிக்கொண்டே தெருவைச் சுற்றி வருவார்கள். டிசம்பரில் பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி. நம் வெயிலுக்கு அந்த மெழுகுவர்த்தி ஏற்றும் முன்னாலேயே கூன் போட்டுவிடும்.

சிலர் பீர் குடிப்பார்கள். அது அவர்கள் பாடு. பீர் வைத்த குளிர்பெட்டியின் சாவி மட்டும் என் கொத்தில் கிடையாது. “ஜமாலுக்கு அது வேண்டாம்” என்று ஹெல்கா மேடமே முதல் நாள் கழற்றி எடுத்துக்கொண்டார். நான் கேட்கவே இல்லை.

அவருக்குப் பெரிய கவலை, பிள்ளைகள் ஜெர்மன் பேசுவதில்லை என்பது. வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ஒரு விதி போட்டார். வகுப்பில் இங்கிலீஷ் பேசுகிறவர் ஒரு வாளி தண்ணீர் எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்ற வேண்டும். மூன்றே வாரம். தண்ணீர் தாங்காமல் செடியெல்லாம் அழுகிப் போயின. அவர் தொட்டியின் முன் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க யோக்கியதை இல்லை. குவைத் அப்பாசியாவில் இருக்கும் என் தங்கச்சி மகன் போனில், “மாமா, ஹவ் ஆர் யூ?” என்பான். அதற்கு மேல் தமிழில் கேட்டால், “உம்மாகிட்ட குடுக்கிறேன்” என்று ஓடிவிடுவான். அவனைத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் குவைத்தில் வெள்ளம்தான்.

மரம் கிடைத்த விதம்

நான் சேர்ந்து மூன்றாவது வருடம், ஹெல்கா மேடம் மே மரம் நட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் பிறந்த பவேரியாப் பக்கம் ஊருக்கு ஊர் அப்படி ஒன்று உண்டாம். நெடிய மரம் வெட்டி, பட்டை உரித்து, வெள்ளையும் நீலமும் சுற்றிச் சுற்றி அடித்து, மே முதல் தேதி ஊர் நடுவில் நிறுத்துவார்கள். ஊரில் என்னென்ன தொழில் உண்டோ, அதற்கெல்லாம் ஒவ்வொரு சிறு பலகை செய்து மரத்தில் மாட்டுவார்கள்.

எல்லாம் சரி, துபாயில் அத்தனை உயர மரத்துக்கு எங்கே போவது? இரும்புக் குழாய் வைக்கலாம் என்றார் ஒருவர். ஹெல்கா மேடம் பார்த்த பார்வையில் அவர் காப்பி வாங்கப் போய்விட்டார்.

அஜ்மானில் பழைய உருக்களை, அதாவது மரக்கப்பல்களை, பிரித்துப் போடும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். நான் அதிராம்பட்டினத்துக்காரன். உருவும் பாய்மரமும் எங்களுக்குப் புதிதா? நாலு நடை நடந்தேன். கடைசியில் ஒரு பாய்மரம் கிடைத்தது. நல்ல தேக்கு, ஐந்து ஆள் உயரம், ஒரு வெடிப்பு இல்லை. அதை வில்லாவுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று, அந்த அம்மாள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் தேடிக் கொண்டுவந்த மரம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெற்ற பிள்ளை மாதிரி அதைத் தேய்த்தேன்.

ஒன்றை மட்டும் அவர் கடுமையாகச் சொல்லியிருந்தார். “ஜமால், மே முதல் தேதி வரை மரத்தைத் தனியாக விடாதீர்கள். அபுதாபி க்ளப்காரர்கள் திருட வருவார்கள்.”

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ஜெர்மன்காரர்களிடம் இதுதான் தொல்லை. வேடிக்கையைக்கூட மரண அறிவிப்பு மாதிரி சொல்வார்கள். நான் அதை அப்படியே நம்பினேன்.

நான் சொன்ன பொய்

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எதிரே பழச்சாறுக் கடைக் கோட்டயத்துக்காரர் ஓடி வந்தார். “ஜமாலிக்கா, மூணு வெள்ளைக்காரங்க வந்தாங்க. பாட்டுப் பாடிக்கிட்டே தூக்கி பிக்கப்ல ஏத்துனாங்க. நம்ம க்ளப் ஆளுங்கதான்னு நெனச்சேன். வண்டி நம்பர் வேணுமா?”

பாட்டுப் பாடிக்கொண்டு யாராவது திருடுவார்களா? அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஹெல்கா மேடத்துக்குப் போன் போட்டேன். பாட்டுப் பயிற்சி அன்று ஒரு ஸ்கூல் அரங்கில். போனை அணைத்திருந்தார்.

என் மனதில் ஒரே ஓட்டம். காவலுக்கு வைத்தவன் நான். தொழப் போகும் அவசரத்தில் கதவைப் பூட்டாமல் போனவனும் நான். பூட்டு திறந்தபடியே வளையத்தில் தொங்கியது. நாளைக்கு, “ஏன் பூட்டவில்லை?” என்று கேட்டால் என்ன சொல்வேன்? விசா போகும், வேலை போகும்.

கருவிப்பெட்டியில் சுத்தியல் இருந்தது. பூட்டைக் கல்லில் வைத்து நாலு அடி அடித்தேன். வளைவுக் கம்பி கோணிக்கொண்டது. அதன் பிறகு போலீசுக்குப் போன் செய்தேன். வந்தவர்களிடம், “பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வண்டி நம்பரும் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் அபுதாபி எல்லைக்குச் சற்று முன்னால் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். மரத்தை ஏற்றிய வெள்ளைக்காரர்கள் தங்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள். பிக்கப்பில் இருந்தது ஓட்டுநர் மட்டும்.

சாயங்காலம் மரத்தை அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் முப்பது வயதுப் பையன். டூட்டிச் சட்டை. கால் செருப்பில் நீலப் பெயின்ட். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“பாய், நீங்க தமிழா? நல்லாருப்பீங்க, சொல்லுங்க பாய் இவங்ககிட்ட. வாடகைக்கு வண்டி கூப்புட்டாங்க, வந்தேன். நான் எந்தப் பூட்டையும் ஒடைக்கல பாய்!”

பெயர் தங்கராசு. பெரம்பலூர் பக்கம். மறுநாள் சாயங்காலம் திருச்சிக்கு ஃப்ளைட். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகனுக்குக் காதுகுத்து.

“நாந்தான் தாய்மாமன் பாய். ஒத்த மாமன். எம் மடியில வச்சுத்தான் குத்தணும். லீவுக்காகவே ரெண்டு தரம் தேதி தள்ளி வச்சாங்க. நான் போவலன்னா எங்கக்காவ அந்த வீட்டுல என்ன பேச்சுப் பேசுவாங்க தெரியுமா? கேஸுன்னு இருந்தா ஏர்போர்ட்டுலயே நிறுத்திருவாங்களாமே?”

நானும் ஒரு தாய்மாமன்தான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. “பாத்துக்கலாம் தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் பேசிய மட்டமான வார்த்தை அதுதான்.

ரூமுக்கு வருவதற்குள் ஹெல்கா மேடம் போனில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். பூட்டை உடைத்த பழியை மட்டும் அவர்கள் தலையிலேயே விட்டுவைத்தேன். மேடம் கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: “ஜமால், அது விளையாட்டு. எங்கள் ஊர் வழக்கம். பக்கத்து ஊர்க்காரர்கள் மரத்தைத் திருடுவார்கள். நாம் போய்ப் பேசி, அவர்களுக்கு விருந்து வைத்து, மீட்டு வருவோம். நான் உங்களுக்குச் சொல்லவில்லையா?”

“திருடுவாங்கன்னுதான் சொன்னீங்க மேடம். சோறு போடணும்னு சொல்லலயே!”

ஊருக்குப் போன் போட்டு மனைவி ஜீனத்திடம் கொட்டினேன். அவளிடம் எதையும் மறைக்க வராது. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஜும்மா தொழுதுட்டு வந்த வாயாலயா பொய் சொன்னீங்க?”

போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

திருடர்கள் வரிசையில் நின்றார்கள்

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் நல்ல கூட்டம். ஹெல்கா மேடம் ஒரு தடித்த ஆல்பத்தைக் கையில் அணைத்தபடி வந்தார். அபுதாபியிலிருந்து ஸெப் என்பவர், அவர்தான் திருட்டுக்குத் தலைவர், மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கியிருக்கும், இரண்டு கூட்டாளிகளோடு வந்துவிட்டார். “நான்தான் திருடன்” என்றார் அதிகாரியிடம். “இல்லை, திட்டம் என்னுடையது” என்றார் அடுத்தவர். தன் ஸ்டேஷனில் இப்படி ஒரு சண்டையை அந்த அதிகாரி பார்த்திருக்க மாட்டார்.

அதிகாரிக்கு என் வயது இருக்கும். வெள்ளைத் தாடி வைத்த அமைதியான அரபி. ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு படத்தில் சின்னப் பெண் ஹெல்கா, மேசையில் இறைச்சித் தட்டு வைக்கிறார். எதிரே ஏழெட்டுத் தடியர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“இவர்கள்?”

“எங்கள் மரத்தைத் திருடியவர்கள்.”

“திருடியவனுக்கு விருந்தா?”

“ஆமாம். பறிகொடுத்தவர்தான் வைக்க வேண்டும். அதுதான் விதி. போலீசுக்குப் போகக் கூடாது என்பது முதல் விதி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். தங்கராசுவின் ஃப்ளைட்டுக்கு ஏழு மணி நேரம் இருந்தது.

அதிகாரி ஆல்பத்தை மூடினார். “வழக்கம் நல்ல வழக்கம். எங்கள் பாலைவனத்திலும் எதிரியாக இருந்தாலும் கூடாரத்துக்கு வந்துவிட்டால் சோறு போடுவோம். ஆனால்,” மேசையில் அந்தக் கோணல் பூட்டை எடுத்து வைத்தார், “இது விளையாட்டு இல்லை. பூட்டை உடைத்தது யார்?”

ஸெப்பின் முகம் மாறியது. “நாங்கள் எதையும் உடைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.”

அதிகாரியின் பார்வை மூலையில் இருந்த தங்கராசுவிடம் போனது. அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். தமிழும் இந்தியும் கலந்து ஏதோ சொன்னான். அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை. என் காதில் விழுந்தது “மாஃபி, மாஃபி”, இல்லை, இல்லை என்ற அரபிச் சொல் மட்டும்தான்.

நாலு வெள்ளைக்காரர்கள் நின்ற இடத்தில், சந்தேகம் போய்த் தங்கியது அவன் மேல்தான். அங்கே வாயடைத்து நின்றால் நான் மனுஷனே இல்லை.

“ஐயா, பூட்டை யாரும் உடைக்கவில்லை. நான் பூட்டவே இல்லை. வேலை போய்விடும் என்று பயந்து, நானே சுத்தியலால் அடித்தேன்.”

ஹெல்கா மேடத்தின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

“பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை தெரியுமா?” என்றார் அதிகாரி.

“தெரியும் ஐயா.”

“தெரிந்துமா சொல்கிறாய்?”

“அந்தத் தம்பி இன்று ஊருக்குப் போக வேண்டும். அவன் மடியில்தான் பிள்ளையை வைத்துக் காது குத்துவார்கள். வேறு மாமன் கிடையாது.”

காதுகுத்து என்பதை அரபியில் விளக்கத் தெரியாமல், என் காதைப் பிடித்து, மடியைத் தட்டி, ஏதேதோ செய்து காட்டினேன். அதிகாரி பூட்டைக் கையில் எடுத்தார். பிறகு ஹெல்கா மேடத்திடம் கேட்டார்: “பூட்டு உங்களுடையது. இவர் மேல் புகார் கொடுக்கிறீர்களா?”

“இல்லை. புதுப் பூட்டு வாங்கி வைப்பார்.”

“வேலையில் வைத்துக்கொள்வீர்களா?”

“சாவியெல்லாம் அவரிடம்தானே இருக்கிறது” என்றார் ஹெல்கா மேடம். “அவர் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் நாங்களே போக முடியாது.”

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அதிகாரி என்னை நன்றாகத் திட்டினார். பழைய வாக்குமூலத்தை மாற்றி எழுதி, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார். “கலாஸ், முடிந்தது, போ” என்றார். நினைத்திருந்தால் அன்றைக்கே என்னை உள்ளே வைத்திருக்கலாம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து வேளையும் அவருக்காகக் கையேந்துகிறேன்.

வாசலில் தங்கராசுவிடம் போனேன். “மன்னிச்சுக்க தம்பி.”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பொட்டி கட்டணும்” என்று மட்டும் சொன்னான். ஸெப் தன் காரிலேயே அவனை ரூமுக்கும் அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கும் கூட்டிப்போனார்.

மே முதல் தேதி முற்றத்தில் மரம் நின்றது. திருடர்களுக்கு இரண்டு பெரிய சட்டி ஆட்டுக்கறி பிரியாணி ஆக்கினேன். தொழில் பலகைகள் மேலே ஏறின. டாக்டர், பைலட், ரொட்டிக்காரர் என்று ஒவ்வொன்றாக. கடைசியில் ஹெல்கா மேடம் ஒரு சிறு பலகையைக் கொடுத்து, “இது உங்களுடையது, நீங்களே மாட்டுங்கள்” என்றார். பலகையில் அந்தக் கோணல் பூட்டை வைத்து ஆணி அடித்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மரத்தின் நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் தங்கராசுவின் செருப்புதான் நினைவுக்கு வந்தது.

விருந்தில் விட்டுப்போன ஆள்

ஜூன் கடைசி. வெயில் கொளுத்தியது. ஜெர்மன்காரர்கள் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெளிக்கதவை யாரோ தட்டினார்கள்.

தங்கராசு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அதிரசம்.

நான் துடைப்பத்தோடு வழிவிட்டு நின்றேன். அவனே வந்தான். மரத்தை அண்ணாந்து பார்த்தான். பூட்டைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு போனை நீட்டினான். படத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பயல் வாயைப் பிளந்து அழுகிறான். அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டுவேட்டி கட்டிய தாய்மாமன், அவனும் அழுகிறான்.

“நேரா பந்தலுக்குத்தான் போய் எறங்குனேன்” என்றான்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாய், ஸெப் சார் ஒரு விஷயம் சொன்னாரு. திருடுனவனுக்குப் பறிகொடுத்தவன் விருந்து வைக்கணுமாமே. அதான் சட்டமாமே. எல்லாத் திருடனும் தின்னுட்டுப் போயிட்டான். வண்டி ஓட்டுன எம் பங்கு எங்க?”

அன்று சமையலறையில் நான் ஓடிய ஓட்டம்! குளிர்பெட்டியில் ஒரு கிலோ கறி இருந்தது. வெங்காயம் நறுக்க அவனே உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் சோறு தயார். ஹாலில் நீள மேசையில், ஆல்பத்தில் அந்தத் தடியர்கள் உட்கார்ந்திருந்த மாதிரி, நடு நாற்காலியில் அவனை உட்கார வைத்தேன். தட்டு நிறையப் போட்டேன். பக்கத்தில் நின்றேன்.

இரண்டு மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்த பேச்சு. இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

“தம்பி, அன்னைக்கு ஸ்டேஷன்ல, சாயங்காலமே நான் உண்மையச் சொல்லியிருக்கணும். ஒரு ராத்திரி பூரா ஒன்னைய…”

அவன் நிமிரவில்லை. வாய் நிறையச் சோறு. தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினான்.

“பேச்செல்லாம் அப்புறம் பாய். கறி வைங்க.”

வைத்தேன்.